உங்களுக்குத் தெரியுமா? ஸ்பிரிங் பேட் முதல் தோல் தொப்பி வரை

ஆம்பூரில் சாயங்காலம் ஷூ கம்பெனிகள் ஷிப்ட் விட்டதும் டீக்கடை பெஞ்சுகள் நிரம்பிவிடும். கட்டிங்கில் வேலை பார்ப்பவர், ஸ்டிச்சிங்கில் இருப்பவர், தோல் ஷாப்பில் செலக்‌ஷன் பார்க்கும் பாய், பேரணாம்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பையன் எல்லோரும் கலந்து உட்காருவார்கள். பேச்சு பெரும்பாலும் மூன்றுதான்: நேற்றைய மேட்ச், வரப்போகும் படம், காலையில் போனில் வந்த ‘அதிர்ச்சித் தகவல்’. "உனக்கு விஷயமே தெரியாது மச்சான்" என்று ஒருவர் தொடங்குவார். "அடிச்சு விடாதடா, யார் சொன்னா?" என்று இன்னொருவர் மடக்குவார். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் தினமும் நடக்கும் இந்த வழக்குகளுக்கு உதவும் தகவல்கள்தான் இந்த வாரம்.

பாண்டிங் பேட்டில் ஸ்பிரிங்

2003 மார்ச் 23. ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 359. ரிக்கி பாண்டிங் ஆட்டமிழக்காமல் 140, அதில் 8 சிக்ஸர்கள். சச்சின் முதல் ஓவரிலேயே 4 ரன்னில் அவுட். சேவாக் 82 அடித்தும் இந்தியா 234-க்குச் சுருண்டு 125 ரன்னில் தோற்றது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போன ஒவ்வொரு பையனுக்கும் ஒரே செய்தி காத்திருந்தது: பாண்டிங் பேட்டுக்குள் ஸ்பிரிங் இருந்ததாம், கண்டுபிடித்துவிட்டார்களாம், மேட்ச் மறுபடி நடக்கப் போகிறதாம்.

அப்போது ஃபேஸ்புக் இல்லை, யூடியூப் இல்லை, வாட்ஸ்அப் வருவதற்கு இன்னும் 6 வருடம் இருந்தது. ஆனாலும் இந்தியா முழுக்க, மொழி வித்தியாசம் இல்லாமல், ஒரே கதை ஒரே மாதிரி பரவியது. இணையம் வந்துதான் வதந்தி வந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒன்று போதும். தோல்வியைத் தாங்க முடியாத மனசு ஒரு காரணத்தைத் தேடியது. கிடைத்த காரணத்தைப் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் சொன்னது.

இன்னொரு சங்கதி: பேட் செய்பவர்களைக் கேட்டால் ஸ்பிரிங் உண்டு என்றுதான் சொல்வார்கள். பிரம்புக் கைப்பிடிக்குள் அதிர்வைத் தாங்குவதற்காக வைக்கும் ரப்பர் பட்டைகளுக்கு அந்தத் தொழிலில் பெயரே ‘ஸ்பிரிங்’. சச்சின் பேட்டிலும் அது இருந்தது.

அதே பாண்டிங், வேறு பேட்

சில வருடம் கழித்து பாண்டிங் பேட் மேல் உண்மையிலேயே ஒரு புகார் வந்தது. குக்கபரா நிறுவனத்தின் பேட்டில் பின்பக்கம் கிராஃபைட் பட்டை ஒட்டியிருந்தது. ‘பேட்டின் பலகை மரமாகத்தான் இருக்க வேண்டும்’ என்ற விதிக்கு அது பொருந்தாது என்று கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2006-ல் சொல்ல, நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த விதி வரக் காரணம் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் அலுமினிய பேட்டோடு இறங்கினார். இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி பந்து சேதமாகிறது என்று முறையிட, லில்லி கோபத்தில் பேட்டைத் தூக்கி எறிந்தார்.

டாஸ் இரண்டு தடவை

2011 ஏப்ரல் 2, வான்கடே. இந்தியா இலங்கை உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் டாஸ் இரண்டு முறை போடப்பட்டது. கூட்டத்தின் இரைச்சலில் இலங்கை கேப்டன் சங்கக்கார சொன்னது மேட்ச் ரெஃப்ரி ஜெஃப் குரோவுக்குக் கேட்கவில்லை. அந்தச் சின்னக் குழப்பம் போதும், இன்றைக்கும் யூடியூபில் அதை வைத்து ‘ரகசியம்’ பேசுகிறார்கள்.

பெரிய குற்றச்சாட்டு 2020 ஜூனில் வந்தது. இலங்கையின் முன்னாள் விளையாட்டுத் துறை அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகே, அந்த மேட்ச் விற்கப்பட்டது என்றார். காவல்துறை விசாரணை தொடங்கியது. அரவிந்த டி சில்வா, சங்கக்கார இருவரிடமும் மணிக்கணக்கில் கேள்வி கேட்டார்கள், ஜெயவர்தனவையும் அழைத்தார்கள். அந்த மேட்ச்சில் ஜெயவர்தன சதம் அடித்து நாட் அவுட்டாக நின்றவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் எதுவும் இல்லை என்று ஜூலையிலேயே விசாரணையை மூடிவிட்டார்கள். மூடிய செய்தியை ஃபார்வர்டு செய்தவர்கள் எத்தனை பேர்?

இதோடு 2013-ஐக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்தில் காவல்துறை விசாரித்தது, உச்ச நீதிமன்றம் தலையிட்டது, அது அமைத்த லோதா குழு 2015 ஜூலையில் தண்டனை சொன்னது. அதனால்தான் சென்னை சூப்பர் கிங்ஸும் ராஜஸ்தானும் 2016, 2017 இரண்டு சீசன் வெளியே இருந்தன. சென்னை ரசிகருக்கு வலிக்கும், ஆனால் அது கட்டுக்கதை அல்ல. "எல்லாமே ஸ்கிரிப்ட்டுடா" என்பவரும் "எங்க டீம் மேல சும்மா பழி" என்பவரும் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்தால் நல்லது.

நோ-பாலா, அவுட்டா?

2019 ஜூலை 10, மான்செஸ்டர். உலகக் கோப்பை அரையிறுதியில் நியூஸிலாந்தின் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட, தோனி ரன் அவுட். அதுதான் இந்தியாவுக்காக அவர் ஆடிய கடைசி மேட்ச். அந்தப் பந்துக்கு முன் டி.வி. திரையில் வந்த வரைபடத்தில் வட்டத்துக்கு வெளியே 6 ஃபீல்டர்கள் தெரிந்தார்கள். கடைசி 10 ஓவரில் 5 பேர்தான் நிற்கலாம். ‘நோ-பால், ஏமாற்றிவிட்டார்கள்’ என்று அன்று இரவே படம் பறந்தது.

விதிப் புத்தகம் சொல்வது இது: நோ-பாலாக இருந்தாலும் ரன் அவுட் செல்லும். போல்டு, கேட்ச், எல்.பி.டபிள்யூ. போன்றவைதான் செல்லாது. அந்த ரன் அவுட்டை நினைத்து அழுதவர்களோடு சேர்ந்து அழலாம், அம்பயரைத் திட்ட மட்டும் இடமில்லை.

பந்துக்குள் சிப்

2023 நவம்பர் 2 அன்று இந்தியாவுக்கு எதிராக இலங்கை 55 ரன்னில் ஆல் அவுட். முகமது ஷமி 18 ரன்னுக்கு 5 விக்கெட். உடனே பாகிஸ்தான் முன்னாள் வீரர் ஹசன் ராசா டி.வி.யில், இந்தியாவுக்கு மட்டும் வேறு பந்து தருகிறார்களோ என்று சந்தேகம் கிளப்பினார். அதை மறுத்தவர்களில் ஒருவர் பாகிஸ்தானின் வாசிம் அக்ரம். பந்துகள் ஒரு பெட்டியில் வரும், நான்காவது அம்பயர் கொண்டுவருவார், அதிலிருந்து பந்து எடுப்பது எல்லார் கண்ணெதிரிலும் நடக்கும் என்று விளக்கினார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. கிரிக்கெட் பந்தின் மேல்தோல் மாட்டுத்தோல். ஆனால் ஷூவுக்கு நாம் செய்கிற குரோம் பதம் அதற்குச் சரிப்படாது. படிகாரம் போட்டுப் பதனிட்ட, விறைப்பான வெள்ளைத்தோல் வேண்டும். பிறகுதான் சிவப்புச் சாயம். உள்ளே தக்கை, அதைச் சுற்றி நூல். எடை 156 முதல் 163 கிராமுக்குள். இந்தியாவில் இந்த வேலை மீரட்டிலும் ஜலந்தரிலும்தான் அதிகம். தோலின் தன்மை தெரிந்த ஒரு செலக்‌ஷன் பாய், சிப் கதையைக் கேட்டால் முதலில் கேட்பது "எங்க வெச்சுத் தைப்பான்?" என்றுதான்.

எல்லாம் 7

2023 கடைசியில் ‘தல ஃபார் எ ரீசன்’ என்று ஒரு மீம் ஓடியது. எந்த எண்ணைக் கூட்டினாலும் தோனியின் ஜெர்சி எண் 7 வரும் என்பது விளையாட்டு. 2023-ஐக் கூட்டினால் 7. ஆம்பூர் வாணியம்பாடி தொலைபேசிக் குறியீடு 04174: கூட்டினால் 16, அதையும் கூட்டினால் 7! ஆனால் வேலூரின் பின்கோடு 632001-ஐக் கூட்டிப் பாருங்கள், 12, பிறகு 3. ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போனால் 9 எண்களில் ஒன்று 7-ல்தான் வந்து நிற்கும். வராததை யாரும் மீம் போடுவதில்லை. இது தெரிந்து ஆடினால் நல்ல விளையாட்டு. எண் ஜோசியமும் சதிக்கோட்பாடும் இதே கணக்கைத்தான் தெரியாமல் ஆடுகின்றன.

நம்ம ஊர் தங்கம்

மஞ்சள் பனியன் போட்ட நண்பர்களிடம் ஒரு கேள்வி. வேலூர் சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த் போட்டியில் எத்தனை தங்கம் வாங்கினார்? இரண்டு. 2014 கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ, 2018 கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ. அந்த எண்களையும் மனப்பாடம் செய்யுங்கள்.

லேஸ் கட்டிய பெலே

ஷூ ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடலாமா! 1970 உலகக் கோப்பையில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பெலே குனிந்து நிதானமாக லேஸ் கட்டினார். கேமரா அவர் காலுக்குப் போனது. காலில் பூமா. உலகம் முழுக்க பார்த்தது. அது தற்செயல் இல்லை, பூமா பணம் கொடுத்துச் செய்த ஏற்பாடு. யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் ‘சதிக்கோட்பாடு’ என்று தள்ளியிருப்பார்கள்.

பூமாவுக்கும் அடிடாஸுக்கும் சொந்த ஊர் ஒன்றே, ஜெர்மனியின் ஹெர்ட்ஸோகெனாராக். டாஸ்லர் சகோதரர்கள் சண்டை போட்டுப் பிரிந்து, ருடால்ஃப் 1948-ல் பூமாவையும் அடால்ஃப் 1949-ல் அடிடாஸையும் தொடங்கினார்கள். அதன்பின் அந்த ஊரில் எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பார்களாம், எந்தக் கம்பெனி ஆள் என்று தெரிந்துகொள்ள. ஆம்பூரில் அந்த வழக்கம் வேறு காரணத்துக்கு உண்டு. இங்கே ஒருவர் ஷூவை இன்னொருவர் பார்ப்பது தையலையும் தோலையும் எடைபோட.

அமெரிக்காவில் மைக்கேல் ஜோர்டனின் கறுப்பு சிவப்பு ஷூவை என்.பி.ஏ. தடை செய்தது என்பது இன்னொரு புகழ்பெற்ற கதை. நைக்கி அதை வைத்தே விளம்பரம் எடுத்து ஏர் ஜோர்டனை விற்றது. என்.பி.ஏ. 1985 பிப்ரவரியில் எழுதிய கடிதம் இருக்கிறது, உண்மை. ஆனால் அன்று ஜோர்டன் போட்டிருந்தது பெரும்பாலும் ஏர் ஷிப் என்ற வேறு மாடல் என்பது ஷூ வரலாற்றை ஆராய்பவர்களின் முடிவு. பாதி உண்மையை வைத்து முழு ஷூ விற்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

போதிதர்மரும் வைரஸும்

2020-ல் கொரோனா வந்ததும் 2011-ல் வெளியான ‘ஏழாம் அறிவு’ படத்தின் காட்சிகள் போனுக்குப் போன் பறந்தன. சீனாவிலிருந்து நோய் வரும் என்று முன்பே சொல்லிவிட்டார்களாம். ‘அன்பே சிவம்’ சுனாமியைச் சொன்னது, அது 2003 பொங்கலுக்கு வந்த படம், ஆழிப்பேரலை 2004 டிசம்பரில் என்று பட்டியல் நீளும். நோய்ப் பரவல் பற்றி உலகம் முழுக்க எத்தனையோ படங்கள் வந்தன. சுனாமியும் புதிதல்ல: 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இந்தியக் கடற்கரையின் அளவுமானிகளிலேயே பதிவானது. ஆயிரம் படத்தில் பலித்த இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

‘ஏழாம் அறிவு’ படத்தால் நம் பக்கத்து காஞ்சிபுரத்துக்குக் கிடைத்த போதிதர்மர் விஷயம் இன்னும் சுவையானது. 6-ம் நூற்றாண்டுச் சீனக் குறிப்புகளிலேயே ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. பிறகு எழுந்த இன்னொன்று தென்னிந்திய அரசனின் மூன்றாவது மகன் என்கிறது. ஷாலின் கோயிலுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தவர் என்ற கதை அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிந்தி, 17-ம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து கிளம்பியது. நமக்குப் பெருமை தருகிற கதையிடம் "யார் சொன்னா?" என்று கேட்பதுதான் கடினம். அங்கேதான் அவசியமாகக் கேட்க வேண்டும்.

ஒரு வீடியோ முடித்துவைத்த வதந்தி

1984 இறுதியில் எம்.ஜி.ஆர். நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் உயிரோடு இல்லை என்று ஊர் ஊராகப் பேச்சு. தேர்தல் வேறு. அவர் படுக்கையில் சாப்பிடுவதையும் ஆட்களோடு பேசுவதையும் படம் பிடித்து, ஊருக்கு ஊர் திரையிட்டார்கள். அவர் தொகுதிக்கே வராமல் ஆண்டிபட்டியில் வென்றார். வதந்திக்கு எதிராகப் படக்காட்சி ஒன்று இவ்வளவு வேகமாக மக்களிடம் கொண்டுசெல்லப்பட்டது தமிழ்நாட்டுக்கு அன்று புதுசு. இன்றைக்கு அதே வீடியோ வந்தால் ‘இது ஏ.ஐ.’ என்று ஒருவர் சொல்லிவிடுவார்.

நாட்றம்பள்ளி விண்கல்

2016 பிப்ரவரி 6. அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் சிதறின, தரையில் குழி விழுந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயம். காரணம் விண்கல் என்று முதலமைச்சர் ஜெயலலிதா அறிக்கை விட்டு, குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் அறிவித்தார். மறுநாள் உலகப் பத்திரிகைகள் எல்லாம் வாணியம்பாடி பக்கம் திரும்பின: பதிவான வரலாற்றில் விண்கல்லால் இறந்த முதல் மனிதர்!

படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். விண்கல் என்பது அறிவியல் உலகில் உறுதியாகவில்லை. ஆனால் இணையத்தில் ‘உலக சாதனை’ பட்டியல்களில் இன்னும் அது இருக்கிறது. 2020-ல் துருக்கி ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஒட்டோமான் காலத்துக் கடிதங்களை வைத்து, 1888-ல் இன்றைய இராக்கின் சுலைமானியாவில் விண்கல் விழுந்து ஒருவர் இறந்ததாக ஓர் ஆய்வு வெளியானது.

இந்த விவாதத்தில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான். ஒரு தொழிலாளி வேலையிடத்தில் நடந்த வெடிப்பில் செத்துப்போனார். வானத்திலிருந்து விழுந்தது என்றால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. தரையில் வெடித்தது என்றால், அது அங்கே ஏன் இருந்தது என்று கேட்டாக வேண்டும்.

நிலாவில் கொடி தெரியுமா?

அதே நாட்றம்பள்ளியிலிருந்து எட்டிப்பார்த்தால் தெரிவது ஜவ்வாது மலை. மேலே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதற்கு முன் இருந்த 1 மீட்டர் தொலைநோக்கியே பெரிய வேலைகள் செய்தது. 1977 மார்ச்சில் யுரேனஸின் வளையங்களுக்கான தடயத்தைப் பதிவு செய்த உலகின் சில இடங்களில் காவலூரும் ஒன்று.

"அவ்ளோ பெரிய டெலஸ்கோப்ல அமெரிக்காக்காரன் நட்ட கொடியைப் பார்க்க முடியுதா? முடியாது! அப்ப போனதே பொய்!" என்று பெஞ்சில் ஒருவர் வாதாடுவார். பதில்: நம் தலைக்கு மேல் காற்று சலனமாகிக்கொண்டே இருப்பதால், தரையிலிருந்து பார்க்கும்போது நிலாவில் சுமார் 2 கிலோமீட்டருக்குக் குறைந்த பொருள் எளிதில் பிரிந்து தெரியாது. அருகில் போய்ப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவின் சுற்றுக்கலம் 2009 முதல் எடுத்த படங்களில் அப்போலோ இறங்கிய இடங்கள் தெரிகின்றன. அதை நம்பாதவர்களுக்கு, நம் சந்திரயான்-2 கேமராவும் அப்போலோ 11 விட்டுவந்த அடிப்பாகத்தைப் படம் எடுத்திருக்கிறது.

சுரங்கம்

வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்று தாத்தாக்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சுரங்கம் இல்லாத கோட்டையைக் காட்டுங்கள், எல்லாவற்றுக்கும் இந்தக் கதை உண்டு. கோட்டைக்குள் உண்மையில் நடந்த அதிசயம் கண்முன்னே இருக்கிறது. நூற்றாண்டுகளாகச் சாமியில்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் மறுபடி லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கியது.

நோட்டில் சிப், பிரியாணியில் நாய்

2016 நவம்பரில் புது 2,000 ரூபாய் நோட்டில் ‘நானோ சிப்’ இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக்கொடுக்கும் என்றார்கள். டி.வி.யிலேயே விளக்கினார்கள். ரிசர்வ் வங்கி மறுத்தது. 2023 மே மாதம் அந்த நோட்டையே புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள்.

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. நாய்க்கறி என்று செய்தி. ஓரிரு நாளில் தமிழ்நாடு முழுக்க பிரியாணிக் கடைகள் காற்றாடின. கால்நடை மருத்துவக் கல்லூரி பரிசோதனை செய்து, ஆட்டுக்கறிதான் என்றது. வால் நீளமாக இருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்க் கூட்டும் வைத்து குடும்பத்தையே ஓட்டுகிற மனிதர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ‘சும்மா தமாசுக்கு’ அனுப்பிய ஒரு படம் ஒரு மாத வாடகையை விழுங்கிவிடும்.

1806: தோல் பட்டையும் பைத்தியம் என்ற பட்டமும்

தோலால் வாழும் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய வதந்தியே தோலைப் பற்றியதுதான். 1805 இறுதியில் சென்னை ராணுவம் சிப்பாய்களுக்குப் புது உடை விதிகள் கொண்டுவந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தலைப்பாகைக்குப் பதில் தொப்பி மாதிரி ஒன்று. அதில் தோலால் செய்த சின்னம். அந்தத் தோல் எந்த மிருகத்துடையது? பசுவா, பன்றியா? கேள்வி முகாம் முழுக்கப் பரவியது. தொப்பி போட்டால் வெள்ளைக்காரன் மதத்துக்கு மாற்றிவிட்டதாக அர்த்தம் என்றும் பேச்சு. எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது.

இந்த வதந்தியைச் சும்மா மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். சிப்பாய்களின் சமய அடையாளத்தில் கை வைத்தது உண்மை. சின்னத்தில் தோல் இருந்ததும் உண்மை. யாரும் உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. பதில் கிடைக்காத இடத்தில் வதந்தி வளரும்.

1806 ஜூலை 10 விடியற்காலை வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். திப்புவின் குடும்பம் அப்போது கோட்டையில்தான் காவலில் இருந்தது. மைசூர் புலிக்கொடி ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலப் படை அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு பாய்ந்து வந்து அன்றே அடக்கினார். இறந்த சிப்பாய்கள் பல நூறு பேர். பிறகு உடை விதிகள் ரத்து. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1857-க்கு 51 வருடம் முந்தைய எழுச்சி இது.

பலருக்குத் தெரியாத ஒரு ஆள் இந்தக் கதையில் உண்டு, முஸ்தபா பேக் என்ற சிப்பாய். கிளர்ச்சி வரப்போகிறது என்று சில வாரம் முன்பே மேலதிகாரியிடம் சொன்னவர். விசாரிக்கச் சொல்லப்பட்ட இந்திய அதிகாரிகள் ‘இவன் பைத்தியம்’ என்றார்கள். அவரை அடைத்து வைத்தார்கள். சொன்னது நடந்த பிறகு அதே அரசாங்கம் அவருக்குப் பரிசு கொடுத்தது. உண்மையா பொய்யா என்று தெரியாததை ஆயிரம் பேர் நம்பினார்கள். உண்மை சொன்ன ஒருவரை ஒருவரும் நம்பவில்லை.

2018 மே

இந்தத் தகவலை எழுதாமல் விட முடியாது. 2018 ஏப்ரல், மே மாதங்களில் வட மாநிலத்துக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் வீடியோக்களும் நம் வட்டாரத்தில் சுற்றின. அந்தச் சமயம் இந்தியா முழுக்கப் பரவிய வீடியோ ஒன்று கராச்சியில் எடுத்தது. குழந்தைகளைப் பாதுகாக்கச் சொல்லும் விழிப்புணர்வுப் படம் அது. கடைசியில் குழந்தையைத் திருப்பி ஒப்படைத்து, எச்சரிக்கைப் பலகை காட்டும் பகுதியை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள்.

குடியாத்தம் அருகே வட மாநிலத்தவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மே 9 அன்று போளூர் அருகே அத்திமூர் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் திரண்டது. 65 வயதுப் பெண்மணி இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், நம் ஆட்கள், கேட்டால் பதில் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை 5 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி மாற்றியது. பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம். இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் இந்த வட்டாரத்து மரணங்களும் இருக்கின்றன. டீக்கடையில் "யார் சொன்னா?" என்று கேட்க எதிரே ஒரு ஆள் இருக்கிறார். குரூப்பில் அந்த ஆள் இல்லை, இருந்தாலும் பேசுவதில்லை. என் வேண்டுகோள் அந்த ஆளாக நீங்கள் இருங்கள் என்பதுதான்.

நிஜமாகவே மறைத்தது

"அப்ப எதையும் சந்தேகப்படக் கூடாதா?" என்று கேட்கும் நண்பருக்காக இது. டேனரிக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டுவிட்டன என்று விவசாயிகள் சொன்னபோது மிகைப்படுத்துகிறார்கள் என்றவர்கள் உண்டு. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது அந்தத் தீர்ப்புதான். நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் ‘வேலூர்’ என்ற பெயர் உச்சரிக்கப்படுகிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள்.

ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு அங்கேயே குவிந்தது. 2006-ல் உலகின் மிக மாசடைந்த 10 இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையை ஒரு சர்வதேச அமைப்பு பட்டியலிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேரை மூழ்கடித்தது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மூன்று வருடம் கழித்து நம் போன்களில் ‘பிள்ளை பிடிப்பவர்கள்’ என்று சுற்றியது இவர்களைப் போன்றவர்களின் முகங்கள்தான்.

இதில் ரகசியக் குழு எதுவும் இல்லை, சாட்டிலைட் இல்லை. கிணற்றுத் தண்ணீரின் சாம்பிள், ஆய்வக அறிக்கை, மனு, வாய்தா இவைதான் இருந்தன. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொன்னது: ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும், கெட்டது சரியாகும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது. முதல் மனுவிலிருந்து அந்தத் தீர்ப்பு வரை 34 வருடம்.